படைவீரருக்கும் அவசரப் பணியாளருக்கும் ட்ரம் கோர் மரியாதை: ஒரு கோடைகால நிகழ்ச்சி திருத்தப்பட்ட விதம்

பின்னணி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சிறுநகரம் ஒன்றைச் சேர்ந்த ட்ரம் கோர் அணி தன் உள்ளூர் நிகழ்ச்சியில் செலுத்த நினைத்த மரியாதையைப் பற்றியது இந்த ஆய்வு. அணி, ஊர், ஆட்கள் பெயர் எதுவும் தரப்படவில்லை.

ட்ரம் கோர் என்பது மூன்று பிரிவுகள் சேர்ந்தது: ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகளான பிராஸ் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க நடந்தபடியே வாசிப்பார்கள். கிளாரினெட், புல்லாங்குழல் வகையறா கிடையாது. இந்தக் கலையை வளர்த்தவை படைவீரர் சங்கங்கள். முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் தொடங்கிய அமெரிக்கன் லீஜனும், அதைவிட மூத்த, வெளிநாட்டுப் போர்களில் பணியாற்றியவர்களுக்கான வி.எஃப்.டபிள்யூ. சங்கமும் ஊர் ஊராக இளைஞர் அணிகளைத் தாங்கின. அன்றைய போட்டிகளில் தேசியக் கொடியை ஏந்தி வருவது நிகழ்ச்சியின் ஓர் அங்கம்; சீருடைச் சோதனை உண்டு; கொடி விஷயத்தில் தவறினால் மதிப்பெண் குறையும். 1971-ல் அணிகள் ஒன்றுகூடி ட்ரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கின. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் நடந்தது. அதன்பின் இசையும் நாடகத்தன்மையும் பெருகப் பெருக, படைச் சடங்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இன்று களத்தில் நிற்கும் 18 வயதுக்காரருக்கு விறைப்பாக நிற்கத் தெரியும். அந்த நிலை எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஆய்வுக்குரிய அணி பல வயதினர் கலந்தது, சுமார் 90 பேர். பயிற்சிக்கு இடம் கொடுப்பது உள்ளூர்ப் படைவீரர் சங்கம். ஜூலையில் பள்ளி மைதானத்தில் நடக்கும் நிகழ்ச்சியில் படைவீரர்களுக்கும் ஊர்த் தீயணைப்புப் படைக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்டது அந்தச் சங்கம்தான். ஊர்த் தீயணைப்பு வீரர்கள் தன்னார்வலர்கள். அவர்களில் ஒருவர் முந்தைய ஆண்டு பணியில் இறந்திருந்தார்.

முதல் திட்டம்

நிகழ்ச்சி வடிவமைப்பாளர் மரியாதையைப் போட்டி நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்குள்ளேயே வைத்தார். படைப்பிரிவுப் பாடல்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 8 பார் (பாருக்கு நான்கு தாளத்தட்டு, அதாவது பீட்), வேகம் நிமிடத்துக்கு 132 பீட். அது முடிந்ததும் அமைதி. ஒலிபெருக்கியில் பதிவு செய்த துப்பாக்கி வேட்டு மூன்று முறை. மைதானத்தின் மூலையிலிருந்து ட்ரம்பெட்டில் ‘டாப்ஸ்’, அதாவது படைவீரர் அடக்கத்தின்போது ஊதும் இசை. அதற்குள் கலர் கார்டு பிரம்மாண்டமான தேசியக் கொடியைத் தரைக்கு இணையாக விரித்துப் பிடிக்கும். பின்னால் நிற்கும் தீயணைப்பு வண்டி சிவப்பு விளக்குகளைச் சுழற்றும். பிராஸ் அணி முன்கோட்டுக்கு வந்து முழு பலத்தில் ஊதி முடிக்கும்.

காகிதத்தில் இது மனத்தைத் தொடுவதாகவே இருந்தது. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஜூன் நடுவில் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்குமான முன்னோட்டக் காட்சியில் இதைப் பார்த்த பிறகுதான் பிழைகள் தெரிந்தன.

முன்னோட்டக் காட்சியில் கண்டவை

தங்கள் பிரிவின் பாடல் வரும்போது படைவீரர்கள் எழுந்து நிற்கலாம் என்று அறிவிப்பாளர் சொல்லியிருந்தார். 132 வேகத்தில் 32 பீட் என்றால் பதினான்கரை விநாடி. கைத்தடியை ஊன்றி, முன்வரிசைக் கம்பியைப் பிடித்து ஒருவர் நிமிர்ந்தபோது அடுத்த படையின் பாடல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். பாடல் தொகுப்பு பழையது என்பதால் அமெரிக்க விண்வெளிப் படையான ஸ்பேஸ் ஃபோர்ஸ் அதில் இல்லை. அந்தப் படை 2019 டிசம்பரில் உருவானது. அதன் பாடல் 2022-ல்தான் வெளியானது. மகனை அந்தப் படையில் வைத்திருக்கும் தாய் ஒருவர் அன்று அரங்கில் இருந்தார்.

வேட்டுச் சத்தம் பெரிய வூஃபர் வழியாக வந்தது. முன்னறிவிப்பு இல்லை. முதியவர்கள் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது ஒருவர் எழுந்து வாயிலை நோக்கி நடந்தார், திரும்பி வரவில்லை.

ட்ரம் கோர் ரசிகர்கள் உச்ச ஸ்வரம் கேட்டால் ஆர்ப்பரிப்பவர்கள். அது இந்தக் கலையின் பழக்கம், தவறும் அல்ல. ஆனால் ‘டாப்ஸ்’ உச்சத்தைத் தொட்டபோதும் அதே கைதட்டல் எழுந்தது. இறந்த தீயணைப்பு வீரரின் மனைவி அப்போது நடுக்கோட்டுக்கு நேரே முதல் வரிசையில், சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்தார். ‘டாப்ஸ்’ வாசிக்கப்போகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அது முடிந்த கையோடு, உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்றார் அறிவிப்பாளர்.

கொடியின் ஒரு மூலை புல்லில் இழுபட்டது. தீயணைப்பு வண்டியின் விளக்கு, கையசைத்து அணியை நடத்தும் டிரம் மேஜரின் கண்ணில் நேராக அடித்ததால் இரண்டு இடங்களில் தாளம் நழுவியது. எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒன்று பின்னால் நடந்தது. காட்சியின் நடுவில் தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு வந்தபோது, வண்டியின் வழியில் மரிம்பா எனும் பெரிய தாளக் கருவிகளும் ஒலிக்கருவி வண்டிகளும் நின்றிருந்தன. அவற்றைத் தள்ளி வழிவிடச் சில நிமிடங்கள் ஆயின.

காரணம் எங்கே

மறுவாரக் கூட்டத்தில் அணியின் இயக்குநர், வடிவமைப்பாளர், சங்கத்தின் மூத்த உறுப்பினர், தீயணைப்புப் படையின் துணைத் தலைவர் நால்வரும் உட்கார்ந்தார்கள். பிழைப் பட்டியல் நீளமாக இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: இறந்தோருக்கான அஞ்சலியும் இருப்போருக்கான நன்றியும் ஒரே பகுதியில் கலக்கப்பட்டிருந்தன. அமெரிக்க நாட்காட்டியே இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே உயிர் நீத்தவர்களுக்கு. நவம்பர் 11-ல் வரும் வெட்டரன்ஸ் டே பணியாற்றிய எல்லோருக்கும். அஞ்சலிக்கு அமைதியும், முன்கூட்டியே கேட்டுப் பெற்ற குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். நன்றிக்குக் கைதட்டல் வேண்டும். ஒன்றுக்குத் தேவையானது மற்றதைக் கெடுக்கிறது.

இரண்டாவது காரணம், மரியாதை போட்டிக் கடிகாரத்துக்குள் சிக்கியிருந்தது. போட்டி நிகழ்ச்சிக்கு நேர எல்லை உண்டு. நடை, இசை, ஒலிப்பதிவு எல்லாம் விநாடிக் கணக்கில் பூட்டப்பட்டவை. எண்பது வயதுக்காரர் எழுந்து நிற்கும்வரை அங்கே யாராலும் காத்திருக்க முடியாது. தவிர, நடுவர் தாளில் மதிப்பெண் வாங்கும் பகுதியாக அது இருக்கும்வரை, அடுத்தவர் துக்கத்தை வைத்து மதிப்பெண் தேடுகிறார்கள் என்ற பேச்சு வரத்தான் செய்யும். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது.

எடுத்த முடிவுகள்

மரியாதை போட்டி நிகழ்ச்சியிலிருந்து முழுவதுமாக வெளியே எடுக்கப்பட்டது. அஞ்சலி நிகழ்ச்சியின் தொடக்கத்தில், முதல் அணி களமிறங்கும் முன். நன்றி கடைசியில், எல்லா அணிகளும் ஆடி முடித்து மதிப்பெண் அறிவிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில். இந்த வரிசைக்கு ஒலி சார்ந்த காரணமும் இருந்தது. நிகழ்ச்சி நடக்கும்போது மற்ற அணிகளின் தாளப் பிரிவுகள் வாகன நிறுத்துமிடத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஸ்னேர் டிரம் சத்தம் அரங்குக்குள் நன்றாகக் கேட்கும். தொடக்கத்தில் வைத்தால் எல்லா அணிகளையும் எட்டு நிமிடம் நிறுத்தச் சொல்லலாம். நடுவில் வைத்தால் அடுத்து ஆடப்போகும் அணியின் பயிற்சி நேரத்தைப் பறிப்பதாகிவிடும்.

வேட்டுச் சத்தம் நீக்கப்பட்டது. மூன்று முறை சுடுவது படை இறுதிச் சடங்குக்கு உரியது. பலர் அதை 21 குண்டு மரியாதை என்கிறார்கள். அது பீரங்கியால் செய்வது, வேறு சடங்கு. தீயணைப்பு வீரருக்கான அஞ்சலியில் இரண்டுக்குமே இடமில்லை. அவர்களுக்கென்று மணி மரபு இருக்கிறது: தந்தி மணியால் செய்தி அனுப்பிய காலத்தின் தொடர்ச்சியாக, ஐந்து ஐந்தாக மூன்று முறை அடிப்பது. முதலில் அணியின் தாளக்காரர் ட்யூபுலர் பெல்லில் மைக் வைத்து அடிப்பதாக யோசனை. துணைத் தலைவர் மறுத்தார். நிலையத்தின் சொந்த மணியைக் கொண்டுவந்து, அவர்களுடைய ஆளே அடிப்பது என்று முடிவானது. தனிமணிக்கும் தனிமணிக்கும் நடுவே ஒரு விநாடி, ஐந்துக்கும் ஐந்துக்கும் நடுவே நாதம் முழுதும் அடங்கும்வரை இடைவெளி. அடிக்க இருவர் பயிற்சி எடுத்தார்கள், ஒருவர் ஓய்வு பெற்றவர். பணியில் இருப்பவர் அழைப்புக்குப் போக நேரலாம் என்பதால் இந்த ஏற்பாடு.

‘டாப்ஸ்’ 1862 ஜூலையில் வர்ஜீனியாவின் ஹாரிசன்ஸ் லேண்டிங் முகாமில் பிறந்தது. மொத்தம் 24 ஸ்வரங்கள். வால்வே தொடாமல் இயல்பான சுரவரிசையிலேயே வாசித்துவிடலாம். எளிதாகத் தெரிவதுதான் அதன் கஷ்டம், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. பெரும்பாலும் வழுக்குவது ஆறாவது ஸ்வரம். 1963 நவம்பர் 25-ல் அதிபர் கென்னடியின் அடக்கத்தின்போது ராணுவ ட்ரம்பெட் கலைஞர் கீத் கிளார்க்குக்கு உடைந்ததும் அதே ஸ்வரம்தான். குளிரில் வெகுநேரம் காத்து நின்றபின் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. ஆகவே இங்கே வாசிப்பவர் சடங்கு முழுக்க வெளியே நிற்க வேண்டாம், மேடைக்குக் கீழே உதட்டைச் சூடாக வைத்திருந்து, மணி தொடங்கும்போது நடந்து வந்து நிற்பது என்று ஏற்பாடு. மைக் இல்லை; திறந்தவெளிக் காற்று மைக்கில் இரைச்சலாக மாறும். அலங்கார ஸ்வரம் ஒன்றும் சேர்க்கக் கூடாது. குடும்பத்தாருக்குப் பின்புறமாக, சுமார் 40 கஜம் தள்ளி நிற்க வேண்டும். முகத்துக்கு நேரே நின்று ஊதினால் கேட்பவருக்கு அழக்கூடத் தனிமை இருக்காது.

கொடி விஷயத்தில் சங்க மூத்தவர் உறுதியாக இருந்தார். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 4-ஆம் தலைப்பு, 8-ஆம் பிரிவு, கொடியைப் படுக்கையாக ஏந்தக் கூடாது, உயர்த்தி விரிந்து பறக்கும்படியே ஏந்த வேண்டும் என்கிறது; எவருக்காகவும் அதைத் தாழ்த்தக் கூடாது என்றும் சொல்கிறது. பொதுமக்கள் மீறினால் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வாழ்நாள் ஒழுக்கம். அவர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் கண்முன்னே அதை மீறுவது பொருத்தமில்லை. பெரிய கொடிக்குப் பதில் சங்கத்தின் நான்கு பேர் காவல் அணி: தேசியக் கொடி நடைவரிசையின் வலப்புறம், பக்கத்தில் சங்கக் கொடி, இரு ஓரத்திலும் துப்பாக்கிக் காவலர். தேசிய கீதத்தின்போது சங்கக் கொடி மட்டும் தாழும். கலர் கார்டு சுழற்றும் துணிகளில் இருந்த நட்சத்திரமும் கோடும் எடுக்கப்பட்டு, வெறும் சிவப்பு, வெள்ளை, கருநீலத் துணிகள் தைக்கப்பட்டன. பெரிய கொடியை மைதான வாயிலில் ஏணி வண்டியிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுவது என்று முடிவு. கிழக்கு மேற்காக ஓடும் தெரு என்பதால் நட்சத்திரப் பகுதி வடக்கு நோக்கி வர வேண்டும், அதையும் குறித்துக்கொண்டார்கள்.

கீதத்தின்போது ‘எல்லோரும் நெஞ்சில் கை வையுங்கள்’ என்ற அறிவிப்பு நீக்கப்பட்டது. சீருடையில் இல்லாத படைவீரர்களும் சல்யூட் அடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ‘எழுந்து நிற்க இயன்றவர்கள் நிற்கலாம்’ என்பதோடு அறிவிப்பாளர் நிறுத்திக்கொண்டார்.

நன்றிப் பகுதிக்கான பாடல் தொகுப்பு புதிதாக எழுதப்பட்டது. வரிசை பாதுகாப்புத் துறையின் முன்னுரிமைப்படி: ஆர்மி, மரீன் கோர், நேவி, ஏர் ஃபோர்ஸ், ஸ்பேஸ் ஃபோர்ஸ், கோஸ்ட் கார்டு. வேகம் 112 ஆகக் குறைந்தது. பார் எண்ணிக்கையை வைத்துத் திட்டமிடுவதில் ஒரு பொறி உண்டு: ஏர் ஃபோர்ஸ் பாடல் ஆறெட்டுத் தாளம், பாருக்கு இரண்டே பீட், நான்கு பீட் பாரில் 64 பீட் வரும் 16 பார் அங்கே பாதி நேரத்தில் ஓடிவிடும். எனவே ஒவ்வொரு பாடலுக்கும் 64 பீட், அதாவது சுமார் 34 விநாடி. ஆறுக்கும் மூன்றரை நிமிடம். எழ முடியாதவர்கள் கையை உயர்த்தினால் போதும் என்று அச்சிட்ட தாளிலேயே எழுதப்பட்டது. வெளிக்காட்ட விரும்பாதவர்களும் உண்டு; அவர்களைச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொல்லப்பட்டது.

அவசரப் பணியாளர்களுக்கு நாடு முழுக்க அறிந்த தனிப்பாடல் இல்லை. தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ், அவசர அழைப்பை ஏற்கும் பணியாளர் என நான்கு தரப்பையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்து, பிராஸ் அணி மெதுவான கோரல் (தோத்திரப் பாடல் போன்ற இசை) வாசிப்பது, டிரம் மேஜர் பார்வையாளருக்கு வழக்கமாக அடிக்கும் சல்யூட்டை அன்று அவர்கள் பக்கம் திரும்பி அடிப்பது என்று ஏற்பாடு.

இருக்கை மாற்றமும் முக்கியம். முதல் வரிசையில் விருந்தினரை உட்காரவைப்பது மற்ற விழாக்களில் மரியாதை; ட்ரம் கோரில் அது தண்டனைக்குச் சமம். பிராஸ் அணி முன்கோட்டில் நின்று ஊதினால் முதல் வரிசையில் 100 டெசிபல் தாண்டுவது சாதாரணம். பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ், அந்த அளவில் 15 நிமிடத்துக்கு மேல் காதுக்குக் கேடு என்கிறது. படைவீரர்களிடம் காது இரைச்சல் மிகப் பரவலான குறைபாடு. இசை முழுமையாகச் சேர்ந்து கேட்பதும் நடுவர் அமரும் மேல்வரிசைப் பக்கம்தான். கைப்பிடி உள்ள படிக்கட்டுக்கு அருகே, நடு உயரத்தில் இடம் ஒதுக்கி, வாயிலில் காதடைப்பான் வைத்தார்கள். ‘துப்பாக்கிச் சத்தம், வாணவேடிக்கை கிடையாது, உரத்த பிராஸும் பாஸ் டிரம்மும் உண்டு’ என்ற பலகையும் வைத்தார்கள்.

தீயணைப்பு வண்டிக்கு 20 அடி அகலப் பாதை சுண்ணாம்புக் கோட்டால் குறிக்கப்பட்டது. அதில் கருவி வண்டி எதுவும் நிற்கக் கூடாது. அதைக் காக்க ஒரு தொண்டர். அவருக்கு அன்று வேறு வேலை இல்லை.

இறந்தவரின் மனைவியைத் துணைத் தலைவர் நேரில் சந்தித்தார். மணி, பெயர், ‘டாப்ஸ்’ மூன்றும் எந்த வரிசையில், எத்தனை நிமிடம் என்று எழுதியே கொடுத்தார். வருவதும் வராததும் அவர் விருப்பம், அன்று காலைகூட மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது.

நிகழ்ச்சி நாள்

மாலையில் இடி இடித்தது. கடைசி இடிச்சத்தம் கேட்டதிலிருந்து 30 நிமிடம் களத்தை மூடிவைப்பது அமெரிக்கப் பள்ளி மைதானங்களின் வழக்கம். இரண்டு முறை கடிகாரம் புதிதாகத் தொடங்கியதில் ஒரு மணி நேரம் போயிற்று. வாயிலில் தொங்கிய கொடி காற்று எழுந்தவுடனே இறக்கப்பட்டது. நேரத்தை மீட்க அஞ்சலியை விட்டுவிடலாம் என்ற யோசனை வந்தது. இயக்குநர் மறுத்து, 20 நிமிட இடைவேளையை ஐந்தாகக் குறைத்தார். அழைத்து வரவழைத்த குடும்பத்திடம் ‘இன்று இல்லை’ என்று சொல்வதைவிடத் தின்பண்டக் கடையின் வரும்படி குறைவது மேல் என்பது அவர் கணக்கு.

மணியடிக்க வேண்டியவர் புயலில் விழுந்த மின்கம்பிக்காக அழைப்பில் போயிருந்தார். ஓய்வு பெற்றவர் அடித்தார். மனைவி வரவில்லை, அவருடைய சகோதரர் வந்தார். ‘டாப்ஸ்’ முடிந்ததும் மேல்வரிசையில் சிலர் கைதட்டத் தொடங்கி, பக்கத்தில் யாரும் சேராததால் நிறுத்தினார்கள். அமைதி காக்குமாறு அறிவிப்பாளர் முன்னரே கேட்டிருந்தது பலித்தது.

நன்றிப் பகுதியில் மூன்றரை நிமிடம் போதவில்லை. ஆர்மி பாடலுக்குக் கூட்டம் தொடர்ந்து தட்டியதால் அடுத்த பாடலின் முதல் பார்கள் காதில் விழவில்லை. மரீன்கள் சிலர் தாமதமாகவே எழுந்தார்கள். ஸ்பேஸ் ஃபோர்ஸ் பாடலுக்கு ஓர் இளைஞர் மட்டும் எழுந்தார். அவருக்கு விழுந்த கைதட்டல் மற்ற எதற்கும் குறைவில்லை. பலகை வைத்தும், பாஸ் டிரம் தொடங்கியபோது ஒருவர் வெளியே சென்றார். தொண்டர் அவரைப் பின்தொடரவில்லை. வாயிலுக்கு அப்பால் நிழலில் போட்டிருந்த நாற்காலியில் சற்று நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த நாற்காலிகள் யாருக்கும் தோன்றாத யோசனை, தீயணைப்பு நிலையத்தார் சொன்னது.

போட்டி நிகழ்ச்சியில் வெட்டிய இடத்தில் புதிய முடிவு எழுத அணிக்கு மூன்று வாரமே இருந்தது. அது சுமாராகவே அமைந்தது. பருவம் முழுக்க அந்த முடிவு அணிக்குப் பலவீனமாகவே இருந்தது. அந்த விலையைக் கொடுத்தது சரிதான் என்பதே நால்வரின் கருத்து.

அடுத்த முறை மாற்றுவன

குடும்பத்தைச் சந்திப்பது ஜூனில் இல்லாமல் ஏப்ரலுக்குள் நடக்கும்; நிகழ்ச்சியின் வடிவம் அவர்கள் பதிலுக்குப் பிறகே எழுதப்படும். பாடல்களுக்கு நடுவே, கைதட்டல் அடங்கும்வரை ஸ்னேர் மட்டும் வாசிக்கும் நான்கு பார் சேர்க்கப்படும். அதை நீட்டவும் குறைக்கவும் டிரம் மேஜரின் கையசைவு போதும். வாயிற்கொடிக்குப் பதில் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற துணியில் சிறிய கொடி, நிலைக்கம்பத்தில். பாஸ் டிரம் நுழைவுக்கு முன் அறிவிப்பாளர் ஒரு வரி சொல்வார்.

அவசர அழைப்பை ஏற்கும் பணியாளர்கள் அன்று ஒருவர்கூட வர முடியவில்லை. சனிக்கிழமை இரவு, அதுவும் புயல் இரவு. நாற்காலியை விட்டு எழ அவர்களுக்கு வழியே இல்லை. அவர்களுக்கென்று ஏப்ரல் இரண்டாம் வாரம் நாடு தழுவிய பாராட்டு வாரம் இருக்கிறது. அந்த வாரம் பணிமுறை மாறும் நேரத்தில், ஆறு பேர் கொண்ட பிராஸ் குழு அழைப்பு மையத்துக்குப் போகும். அழைப்புகள் ஓடும் அறைக்கு வெளியே, உணவறையில், கோரலை மட்டும் மியூட் போட்டு வாசிக்கும்.